சீசனில் ஊட்டி: பகலில் பூ, ராத்திரி என்ன?

ஏப்ரல் 12, 2025, காலை

வாசகர் கேள்வி: "ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர், எல்லோரும் சென்னை. மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி போகலாம் என்று பேச்சு. பகலில் பூ பார்ப்போம், சரி. ராத்திரி அங்கே என்ன இருக்கிறது? பப், டிஜே, லைவ் மியூசிக் மாதிரி ஏதாவது? கோவா அளவுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போனவர்கள் சொல்லுங்கள்."

ஏப்ரல் 12, இரவு 11.20

ஒன்றும் கிடையாது. ஒன்பதரைக்கு ஊட்டி நடுவில் சேரிங் கிராஸில் நின்று பாருங்கள், ஷட்டர் இறக்குகிற சத்தம்தான் லைவ் மியூசிக். பப் வேண்டுமென்றால் நுங்கம்பாக்கத்திலேயே இருந்துவிடுங்கள், டீசல் மிச்சம்.

ஏப்ரல் 13

இரண்டு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போனால் காலையில் நாலு பேர் சண்டைக்கு நிற்கிறார்கள். சரி, விவரமாகவே சொல்கிறேன். "கிடையாது" என்றால் கோவா, பெங்களூர் அர்த்தத்தில் கிடையாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். போன வருடம் ஏப்ரல் கடைசியில் 29 டிகிரி அடித்து, பதிவானதிலேயே அதிகம் என்று பேப்பரெல்லாம் எழுதியது. ஆனால் வெயில் இறங்கினால் கதை வேறு. ஆறரை மணிக்கு மேல் டி-ஷர்ட்டோடு தெருவில் நின்று "வைப்" தேடுகிறவர்களை ஊர்க்காரர்கள் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள்.

இருப்பது கோடை விழா. மே மாதம் முழுக்க வரிசையாக வரும். கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறி, கூடலூரில் வாசனைத் திரவியம், ஊட்டி ரோஜாப் பூங்காவில் ரோஜா, அப்புறம் தாவரவியல் பூங்காவில் பெரிய மலர்க் கண்காட்சி, கடைசியில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம். மலர்க் கண்காட்சி 1896-இல் ஆரம்பித்தது, இந்த வருடம் 127-ஆவது. இதற்கு நடுவே நாய்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி எல்லாம் உண்டு.

இதில் யாரும் கண்டுகொள்ளாத விஷயம், சாயங்கால மேடை. சுற்றுலாத் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையமும் ஆட்களைக் கூட்டிவந்து கரகம், பறை, கேரளத்துச் செண்டை, நீலகிரி மக்களின் படுகர் ஆட்டம், தோடர் ஆட்டம் என்று நடத்துவார்கள். டிக்கெட் இல்லை. பழங்குடியினர் பண்பாட்டு மைய அரங்கில் போய் உட்கார்ந்தால் போதும். பாதி நாற்காலி காலியாக இருக்கும், ஏனென்றால் மொத்தச் சென்னையும் அந்த நேரத்தில் போட் ஹவுஸ் வாசலில் டிராஃபிக்கில் நிற்கிறது.

ஆக ராத்திரி வாழ்க்கை உண்டு. அது சாயங்காலம் ஐந்துக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடிந்துவிடும். இதை ஒத்துக்கொண்டு போனால் ஊட்டி நல்ல ஊர்.

ஏப்ரல் 13, மாலை

மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு ஒருவர் "வெள்ளைக்காரன் காலத்திலும் இப்படியே எட்டரைக்குத் தூங்கினார்களா" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இல்லவே இல்லை. மெட்ராஸ் வெயில் தாங்காமல் கவர்னரும் செக்ரட்டேரியட்டும் கோப்போடு மலையேறிவிடுவார்கள். கூடவே நடனம், குதிரைப் பந்தயம், வேட்டை, கிளப். ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லெய்ன் கையில் பிறந்தது என்பார்கள் (பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லெய்ன் வேறு ஆள்). ஆனால் அதன் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டியது ஊட்டி கிளப்பில். அந்த மேஜை அறை இன்னும் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு மட்டும். நமக்கு கேட் வரைக்கும் அனுமதி!

குதிரைப் பந்தயமும் நின்ற மாதிரிதான். குத்தகை பாக்கி வழக்கில் 2024-இல் அரசு ரேஸ் கோர்ஸ் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி அப்படியே வேலி ஓரமாக நின்று ஓசியில் குதிரை பார்த்த தலைமுறைக்கு அது ஒரு வருத்தம். பந்தயம் கட்டியவர்களின் வீட்டம்மாக்களுக்கு வருத்தம் இருக்காது.

ஏப்ரல் 15

"சரக்கு?" என்று தனியாகக் கேட்ட தம்பிக்கு: டாஸ்மாக் மற்ற ஊர் மாதிரியே பகல் 12 முதல் இரவு 10. பெரிய ஓட்டல்களில் பார் உண்டு, விலை ஓட்டல் விலை. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பி வரும். இது 2022-இல் உயர் நீதிமன்றம் சொல்லி முதலில் நீலகிரியில்தான் வந்தது. காட்டில் உடைந்த பாட்டில் யானையின் காலில் குத்துகிறது என்பதுதான் காரணம். தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். பத்து ரூபாய்க்காக இல்லாவிட்டாலும்.

ரிசார்ட் விளம்பரத்தில் "கேம்ப் ஃபயர் வித் மியூசிக்" என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் நாலு விறகு, ஒரு புளூடூத் ஸ்பீக்கர், பக்கத்து ரூம் குடும்பத்தின் மாமா பாடும் பழைய பாட்டு. (மாமா நன்றாகப் பாடினால் அதிர்ஷ்டம். எனக்கு ஒருமுறை அமைந்தது.) பத்து மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுக்க 2000-ஆம் வருட ஒலி மாசு விதி, ஊட்டிக்கு மட்டும் போட்ட சட்டம் இல்லை. மலையில் அது கூடுதலாகக் காதில் விழுகிறது, அவ்வளவுதான். ஒரு பள்ளத்தாக்கில் பாட்டுப் போட்டால் எதிர் மேட்டில் இருப்பவன் வரிக்கு வரி கேட்பான்.

மசினகுடி பக்கம் "நைட் சஃபாரி" என்று யாராவது ஜீப்போடு வந்தால் ஏறாதீர்கள். அது சட்டவிரோதம். அந்தப் பகுதியில் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளை 2018-இல் உச்ச நீதிமன்றம் மூடச் சொன்னது, 2020 தீர்ப்பிலும் வழித்தடம்தான் ஜெயித்தது. அதற்கு அப்புறமும் 2021 ஜனவரியில் ஒரு தங்குமிடத்துப் பக்கம் வந்த யானைமேல் எரிகிற டயரை எறிந்தார்கள். காது வெந்து அந்த யானை செத்தது. வீடியோ எல்லோரும் பார்த்ததுதான். காட்டோரத்தில் ராத்திரி கொண்டாட்டம் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த டயர்தான் ஞாபகம் வருகிறது.

ஏப்ரல் 19

ஏலகிரியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்று ஒருவர். விட்டதற்குக் காரணம் இருக்கிறது.

சென்னைக்கு ஏலகிரி வசதி, மறுக்கவில்லை. ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ, 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பாரி, கபிலர், அவ்வை, கம்பர் என்று பெயர்ப் பலகை. ஏறும்போது ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகலாம், தமிழ் இரண்டாம் தாள் ஞாபகம் வரும். உயரம் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான். குளிரும் என்று நினைத்துப் போர்வை எடுத்துப்போனால் அதை மடித்துத் தலையணையாக வைத்துக்கொள்ளலாம்.

அங்கே ஒரு ரிசார்ட்டில் டிஜே என்று ஆளுக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கினார்கள். எட்டு மணிக்கு என்றது ஒன்பதுக்கு ஆரம்பித்தது. டிஜே பையன் ஒரு லேப்டாப்போடு வந்தான். ஒன்பதே முக்காலுக்கு ஊர்க்காரர் இருவர் வந்து கேட்டில் நின்றார்கள். பத்து மணிக்கு மேனேஜர் வயரைப் பிடுங்கினார். முக்கால் மணி நேரம் ஆடியதற்கு ஆன செலவில் நான் மயிலாப்பூரில் ஒரு மார்கழி முழுக்கக் கச்சேரி கேட்டு கேன்டீனில் சாப்பிட்டிருப்பேன். பணம் திரும்பக் கேட்டதற்கு "உணவு அதில் சேர்த்தி" என்றார்கள். உணவு என்றால் கோபி மஞ்சூரியன்.

அதனால்தான் சொல்கிறேன், டிஜே-க்காக மலை ஏறாதீர்கள்.

ஏப்ரல் 19, கொஞ்சம் கழித்து

ஏலகிரி மேல் எனக்கு வன்மம் ஒன்றும் இல்லை. வார நாளில் போய்ப் பலாப்பழம் சாப்பிட்டு வாருங்கள், அருமையான ஊர்.

ஏப்ரல் 27

இ-பாஸ் (வண்டியோடு மலையேற ஆன்லைனில் எடுக்கிற அனுமதி) பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. ஆமாம், வேண்டும். போன வருடம் மே 7 முதல் இருப்பதுதான், ஆனால் போன வருடம் எண்ணிக்கை தெரிந்துகொள்ள மட்டும், கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார்கள். இந்த வருடம் ஏப்ரல் 1 முதல் வரம்பு: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் போனால் பாஸ் வேண்டாம். ரயிலுக்கும் வேண்டாம்.

நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரிந்திருக்கும். கார் வேண்டாம். ஆறு பேர் ஒரு காரில் 550 கிலோமீட்டர் நசுங்கி உட்கார்ந்து போய், கல்லாறு சாவடியில் பாஸ் காட்டி, தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கவிட்டு (ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்), பர்லியாரில் இருந்து முதல் கியரில் ஊர்ந்து, ஊட்டியில் பார்க்கிங் தேடி, அந்த நாளே முடிந்துவிடும். சீசனில் ஒருவழி வேறு. ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி.

சென்ட்ரலில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடியுங்கள். விடிந்தால் மேட்டுப்பாளையம். மலை ரயில் டிக்கெட் கிடைத்தால் 7.10-க்கு அதில் ஏறலாம். 46 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் கடக்கிற ரயில் அது. குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம், பின்னால் நின்று நீராவி எஞ்சின் தள்ளும், குன்னூரில் டீசல் மாட்டுவார்கள். 1899-இல் குன்னூருக்கு வந்தது, 1908-இல் ஊட்டிக்கு. டிக்கெட் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் வாசலிலேயே பஸ் நிற்கும். ஊட்டிக்குள் சீசன் முழுக்க அரசு சர்க்யூட் பஸ் ஓடும், 100 ரூபாய்ச் சீட்டு எடுத்தால் நாள் முழுக்க ஏறி இறங்கலாம்.

மே 6

இசை என்று கேட்டீர்கள், நான் பஸ் டைம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இசைக்கு வருகிறேன்.

ஒரு வருடம் கோடை விழாவில் திறந்தவெளி மேடை ஒன்றில் பறைக் குழு. டெல்டா பக்கத்துப் பையன்கள், பேன்ட்டை மடித்துவிட்டு, மேலே மஞ்சள் சட்டை, குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. பனி மூட்டம் இறங்கிவிட்டது. தோல் ஈரத்தை இழுத்தால் தொய்ந்துவிடும், அடித்தால் "தொப் தொப்" என்று அட்டைப்பெட்டி மாதிரிக் கேட்கும். அதனால் மேடைக்குப் பின்னால் பழைய பேப்பரும் வைக்கோலும் போட்டுக் கொளுத்தி, பறையைச் சாய்த்துப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார்கள். கீழே மன்னார்குடியில் ஒருமுறை காய்ச்சினால் ஒரு ஊர்வலமே தாங்குமாம். இங்கே ஒரு உருப்படிக்குத் தாங்கவில்லை. இரண்டு அடி முடிந்ததும் ஓடிப்போய்க் காய்ச்ச வேண்டும். மூத்தவர் ஒருவர் நடுவிரலால் தோலின் ஓரத்தைச் சுண்டிப் பார்ப்பார், காதை அருகில் கொண்டுபோவார், தலையாட்டினால்தான் மேடைக்குப் போகலாம்.

தீயைப் பார்த்ததும் சுற்றுலா வந்த ஜனம் கேம்ப் ஃபயர் என்று நினைத்து அங்கே கூடிவிட்டது. கையை நீட்டிக் குளிர் காய்கிறார்கள். ஒரு அம்மா குழந்தைக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டு நெருப்புப் பக்கத்தில் நிறுத்துகிறார். "கொஞ்சம் தள்ளுங்கம்மா, பறை காயணும்" என்று அந்தப் பையன் கெஞ்சுகிறான். போலீஸ்காரர் ஒருவர் யார் தீ வைத்தது என்று வந்தார், விஷயம் தெரிந்ததும் அவரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மேடைக்கு முன்னால் இருந்ததைவிட மேடைக்குப் பின்னால் கூட்டம். கடைசியில் அந்த மூத்தவர் ஒரு முடிவுக்கு வந்து, குழுவையே கீழே இறக்கி, நெருப்பைச் சுற்றி நிற்க வைத்து அங்கேயே அடிக்க ஆரம்பித்தார். அப்புறம் நடந்ததுதான் நான் ஊட்டியில் பார்த்த ஒரே நைட் லைஃப். கேரளத்துக் குடும்பங்கள், கர்நாடகக் கல்லூரிப் பையன்கள், மங்கி குல்லா போட்ட தாத்தா, எல்லோரும் ஆடினார்கள். மணி எட்டுகூட ஆகவில்லை.

மே 7

நாகஸ்வரம் வாசிக்கிற நண்பர் ஒருவர் மேலே உள்ளதைப் படித்துவிட்டுச் சொன்னது. குளிரில் குழல் வாத்தியத்தின் சுருதி இறங்கும். சீவாளியை (ஊதுகிற முனையில் செருகும் நாணல்) வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம், மேடையில் அறிவிப்பாளர் பெயர் சொல்லும்போதுகூட எடுக்கமாட்டாராம். தவிலுக்கு வலந்தலையை (வலது பக்கத் தோலை) இழுத்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "சன்மானம் அதே, வேலை இரட்டிப்பு" என்றார்.

மே 17, ஊட்டியிலிருந்து, போனில்

நேற்று வந்தேன். கண்காட்சி 15-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. இந்த வருடம் சோழர் காலத்து அரண்மனை, சிம்மாசனம் எல்லாம் பூவில். கூட்டம் சொல்ல வேண்டாம். பெரிய புல்வெளி பச்சையாக இருக்கிறது. அறை வாடகை கேட்டால் அரண்மனையே எழுதி வாங்குகிற மாதிரி. சாயங்காலம் மேடைப் பக்கம் போகிறேன்.

மே 17, இரவு 9.50

அறைக்கு வந்தாயிற்று. சேரிங் கிராஸ் பாதி இருட்டு. வர்க்கி வாங்க வந்த கூட்டம் மட்டும் இன்னும் நிற்கிறது.

மே 21

சென்னை திரும்பியாயிற்று. கத்திரி வெயில்.

கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். "மே மாதம் போகாதே, கூட்டம், குப்பை" என்றுதான் எல்லோரும் புத்தி சொல்கிறோம், நானும் சொல்வேன். இந்தத் தடவை பூங்காவில் உட்கார்ந்து பார்த்தபோது வேறு மாதிரித் தோன்றியது. எதிரே ஒரு குடும்பம், திருவண்ணாமலைப் பக்கம் போல, வேனில் பதினைந்து பேர் வந்திருக்கிறார்கள். பாட்டி வாழ்நாளில் முதல் தடவையாக மலையேறியிருக்கிறார். பூவைப் பார்க்கவே இல்லை அந்தம்மா. புடவையைப் போர்த்திக்கொண்டு வாயைத் திறந்து ஊதி, ஆவி வருவதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். பேரன் போன் எடுத்தால் "இரு இரு, இன்னொரு தரம்" என்கிறார். பள்ளி லீவு மே மாதம்தான், தறிக்காரருக்கும் கடைக்காரருக்கும் ஊரோடு கிளம்ப முடிகிறதும் அப்போதுதான். செப்டம்பரில் போ, வார நாளில் போ என்பது லீவு போட்டாலும் சம்பளம் வருகிறவர்களின் அறிவுரை. என்னையும் சேர்த்துத்தான்.

அதற்காக நெரிசல் நல்லது என்று சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் ஆம்புலன்ஸ் போக வழியில்லாமல் தவிப்பது உண்மை, ஒரு குடம் தண்ணீருக்குக் காத்திருப்பது உண்மை. இ-பாஸ் தேவைதான். ஆனால் பஸ்ஸில் வருகிற கூட்டத்தையும் ஆளுக்கொரு கார் கொண்டுவருகிற கூட்டத்தையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டாதீர்கள்.

மேடை எப்படி என்று கேட்டவருக்கு: நன்றாக இருந்தது. படுகர் ஆட்டத்துக்கு மட்டும் கூட்டம் எழுந்து நின்றது.

மே 25

நீலகிரிக்கு இன்றும் நாளையும் ரெட் அலர்ட். கேரளத்தில் நேற்றே பருவமழை இறங்கிவிட்டது, வழக்கத்துக்கு ஒரு வாரம் முந்தி. தொட்டபெட்டா, பைன் காடு எல்லாம் மூடல். அறை போட்டிருப்பவர்கள் அறையிலேயே இருங்கள், மரத்தடியில் வண்டி நிறுத்தாதீர்கள், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சொல்லிக்கொண்டு விழாது. மே கடைசி வாரத்தை நம்பிப் போகிறவர்களுக்கு இது எப்போதுமே உள்ள ஆபத்துதான்.

மே 27

கேள்வி கேட்ட நண்பர் எங்கே என்று பார்த்தேன். அவர்கள் ஆறு பேரும் பாண்டிச்சேரி போய்விட்டார்களாம். நல்ல முடிவு, மனதாரச் சொல்கிறேன்.

ஜூலை 9

இந்தக் கேள்வி-பதில் இழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். கொடைக்கானலைப் பற்றி ஒரு தம்பி தூசி தட்டிக் கேட்டிருக்கிறார், "அங்கே பார்ட்டி நடக்கும் என்று கேள்வி."

நடக்கும் என்ற கேள்வியை நம்பிப் போனவர்கள் கதி தெரியுமா? 2020 பிப்ரவரியில் குண்டுப்பட்டிப் பக்கம் தனியார் இடத்தில் ராத்திரி பார்ட்டி. போலீஸ் போய் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. பாதிப் பேர் வெளியூர்ப் படித்த பிள்ளைகள். காலையில் அப்பாவுக்குப் போன் போட்டிருப்பார்கள், அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கொடைக்கானலில் மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, கூடவே மேடை நிகழ்ச்சி, அதே மாதிரிதான். குறிஞ்சி பார்க்க வேண்டுமென்றால் 2030 வரை பொறுங்கள், கடைசியாக 2018-இல் பூத்தது.

ஆகஸ்ட் 1

ஆடிப் பதினெட்டு வருகிறது, கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. எழுபது கொண்டை ஊசி வளைவு, வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். அரப்பளீஸ்வரர் கோயில் கூட்டமும் விழாக் கூட்டமும் ஒன்றாகச் சேரும். இதைச் சென்னையில் யாரும் சொல்வதில்லை. ராத்திரி பப் கிடையாது (இதை இனி ஒவ்வொரு ஊருக்கும் தனியாகச் சொல்ல மாட்டேன்).

செப்டம்பர் 20

ஊட்டி இரண்டாவது சீசன். செப்டம்பர், அக்டோபர். பூங்காவில் தொட்டிப் பூக்களை மாடத்தில் அடுக்கியிருப்பார்கள், மேடை விழா கிடையாது, அறை வாடகை மே மாதத்தில் பாதி. அசெம்ப்ளி ரூம்ஸ் தியேட்டரில் ராத்திரிக் காட்சி பார்த்துவிட்டுக் குளிரில் நடந்து வருவது என் வரையில் நல்ல பொழுதுபோக்கு. உடன் வந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

நவம்பர் 23

படுகர் ஆட்டம் பற்றி மே மாதம் ஒரே வரியில் விட்டுவிட்டேன், அதைப் பற்றித்தான் அதிகக் கேள்வி வந்திருக்கிறது.

மேடையில் பார்ப்பது சுருக்கப் பதிப்பு. ஊருக்குள், அவர்கள் ஹட்டி என்பார்கள், கல்யாணமோ திருவிழாவோ நடக்கும்போது வெள்ளை வேட்டி, வெள்ளைப் போர்வை, தலைப்பாகையோடு ஆண்கள் வட்டமாக நிற்பார்கள். மெதுவாகத்தான் ஆரம்பிக்கும், இரண்டு அடி முன்னால், ஒரு திருப்பம், கை வீச்சு. அரைமணி நேரத்தில் வட்டம் பெரிதாகி, ஐ.டி. வேலைக்குப் பெங்களூர் போன பையனும் ரிட்டயர்டு வாத்தியாரும் ஒரே அடியில் சுற்றுவார்கள். இப்போது பாட்டெல்லாம் கீபோர்டு வைத்துப் பதிவு செய்தது, பெரிய ஸ்பீக்கரில் வருகிறது. முன்பெல்லாம் படுகர் வீட்டு விழாவுக்கும் சாவுக்கும் கோத்தர்கள் என்ற நீலகிரிப் பழங்குடியினர்தான் வந்து வாசிப்பார்கள், குழலும் வளைந்த பித்தளைக் கொம்பும் தோல் கருவிகளுமாக. அந்த உறவு போன நூற்றாண்டிலேயே அறுந்துவிட்டது. கோத்தர் இசையை இப்போது கேட்க வேண்டுமென்றால் அவர்கள் ஊரில் அவர்கள் சாமிக்கு வாசிக்கும்போதுதான்.

மார்கழி, தை வாக்கில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். கோத்தகிரிப் பக்கம் பேரகணியில் பெரிய கூட்டம். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். வெள்ளை உடுத்தி, செங்கோல் ஏந்தி, செருப்பில்லாமல் ஊர் ஊராக நடந்து வருவார்கள். சென்னையில் நாம் சபா சபாவாகச் சுற்றுகிற அதே நாட்களில் இது நடக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

டிசம்பர் 3

மேலே "போய்ப் பாருங்கள்" என்று எழுதியதற்குக் கோத்தகிரிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணே, நீங்கள் சொல்லி இருபது கார் வரும். வந்து எங்கள் பாட்டிமார்கள் சாமி கும்பிடுகிறதை ரீல்ஸ் எடுக்கும். அழைத்தால் வாருங்கள், அழைக்காமல் அட்ரஸ் போடாதீர்கள்."

இரண்டு நாளாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். மைலாப்பூர் அறுபத்துமூவருக்கு யாரும் அழைப்புப் பார்த்து வருவதில்லை, யார் வேண்டுமானாலும் மாடவீதியில் நிற்கலாம். ஊட்டி மாரியம்மன் தேரும் அப்படித்தான், சித்திரையில் ஜனம் உப்பை அள்ளித் தேர்மேல் வீசும்போது நீங்களும் வீசலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அது டவுன் கோயில், எல்லா ஜாதி எல்லா மொழிக்காரர்களும் முறை வைத்து நடத்துகிற விழா. ஹட்டிக்குள் நடப்பது அப்படி இல்லை, அது ஒரு குடும்பம் கூடுகிற மாதிரி. தம்பி சொல்வது சரி என்றே படுகிறது. ஆனால் அவரே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார், "படுகர் நண்பன் ஒருத்தன் இருந்தால் போதும், கல்யாணத்துக்கு அவனே இழுத்துக்கொண்டு போவான், ஆடாமல் விடமாட்டான்." சென்னையில் படுகர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். நட்பு பிடியுங்கள், அது இ-பாஸைவிடக் கொஞ்சம் நாளாகும்.

டிசம்பர் 4

ரீல்ஸ் எடுப்பதில் என்ன தப்பு என்று கேட்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த கேள்வி.

டிசம்பர் 21

"டிசம்பர் 31 ஊட்டி, டிஜே உண்டா?" சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறீர்கள்.

உண்டு. பெரிய ஓட்டல்களில் அன்று ராத்திரி விருந்தைக் கட்டாயமாக்கிக் கட்டணத்தில் சேர்த்துவிடுவார்கள், ஹாலுக்குள் பாட்டு, பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். முன்பதிவு செய்யும்போதே விருந்துக் கட்டணம் எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அதே நாட்களில் தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழும். புல் முழுக்க உப்புத் தூவினது போல வெள்ளை, கார் கண்ணாடியை ஏ.டி.எம். கார்டால் சுரண்ட வேண்டியிருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், எட்டரைக்கு வெயில் வந்தால் ஈரம்தான் மிச்சம். டிஜே முடித்து இரண்டுக்குப் படுத்தவன் ஆறுக்கு எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பனி.

இந்தப் புத்தாண்டுக்கு ரயில் எல்லாம் போயிற்று, முன்பதிவு இப்போது 60 நாள் முன்னாடியே திறந்துவிடுகிறது. தத்காலில் முயற்சி செய்யுங்கள், இல்லையென்றால் கிளாம்பாக்கத்தில் இருந்து அரசு பஸ். ஆம்னி பஸ் கட்டணத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்து புலம்ப வேண்டாம், அதற்கு வேறு இழை இருக்கிறது.